கண்ணாடியில் தெரிந்த முல்லை

எங்கள் கம்பெனி வாசலில் நுழையும்போது செக்யூரிட்டி அண்ணன் என் கைபேசியின் கேமராக் கண்ணில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது அதைப் பிய்த்துக் காட்ட வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் உள்ளே கேமராக்கள் இல்லாமல் இல்லை. நான் பார்க்கும் வேலையே அதுதான். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் மேலிருந்து ஒரு கேமரா படம் பிடிக்கும், கீறல் இருந்தால் விளக்கு சிவப்பாகும், நான் அதை எடுத்து ஓரமாக வைப்பேன். எட்டு மணி நேரம் கேமரா சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் என்னுடைய கேமராவின் கண்ணைத் திறந்துவிடுவேன். ஓரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையில் நான் இறங்கும் நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஒன்றரைக் கிலோமீட்டர். அந்த நடையில்தான் ஏழு வருஷமாக ஒரே விஷயத்தைப் படம் எடுக்கிறேன். லைன் வீட்டு வாசல்களில் இருக்கும் செடிகள்.

பத்துக்குப் பத்து அறை, வரிசையாக எட்டு வீடு, கடைசியில் பொதுக் குளியலறை. இங்கே மண் என்பதே கிடையாது, முழுக்க சிமெண்ட். ஆனால் செடி இருக்கிறது. இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் துளசி. பாதியாக அறுத்த கூலண்ட் கேனில் கற்பூரவல்லி. மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் சிவப்புத் தண்டுக்கீரை. அதைப் போட்டவர் அசாம்காரர், ஊரிலிருந்து வரும்போது விதையை வேட்டியில் முடிந்து கொண்டுவந்தாராம். ஒடிசாவிலிருந்து வந்த மூன்று பையன்கள் தண்ணீர்க் குழாய்மேல் சுரைக்கொடி ஏற்றி மொட்டைமாடி வரை கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்காரர் திட்டினார், அவருக்கு ரெண்டு சுரைக்காய் போனது, அப்புறம் திட்டவில்லை. ஆறு மாத கான்ட்ராக்டில் வந்தவர் எதற்காக முருங்கைக் கொம்பு நடுகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கேட்டதற்கு, "அடுத்து வர்றவன் சாப்பிடுவான்" என்றார் சாதாரணமாக.

இந்தப் படங்களை எதற்கு எடுக்கிறேன் என்று என்னைக் கேட்டால் உடனே பதில் வராது. ஆனால் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியும். 2019ல் எங்கள் ஆயா இறந்தபோது, அவளுடைய கொல்லையைப் படத்தில் பார்க்கவேண்டும்போல இருந்தது. வீட்டு பீரோவைக் குடைந்தேன். கல்யாணப் படங்கள், காது குத்துப் படங்கள், தாத்தாவின் பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம்கூட இருந்தது. ஆயா தினமும் ஆறு மணி நேரம் நின்ற கொல்லைக்கு ஒரு படம்கூட இல்லை. அதற்குப் பதிலாக என் அம்மா ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். 1984ல் வயதுக்கு வந்த சடங்குக்கு அவளைக் காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் எடுத்தது. பின்னால் ஒரு தோட்டம். படிக்கட்டு, பளிங்குக் கைப்பிடிச்சுவர், ஏரி, இரண்டு அன்னம், உயரமான மரங்கள். எல்லாம் திரையில் தீட்டியது.

நிஜத் தோட்டம் வைத்திருந்த குடும்பம், பொய்த் தோட்டத்துக்கு முன்னால் காசு கொடுத்துப் போய் நின்றிருக்கிறது. இது எப்படி நடந்தது என்று தேடத் தொடங்கியவன்தான், எங்கெங்கோ போய்விட்டேன்.

முதலில் போய்ச் சேர்ந்த இடம், நான் தினமும் பஸ்ஸில் கடக்கும் இடம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர், ராஜீவ் காந்தி 1991 மே 21ல் கொல்லப்பட்ட ஊர், பிறகு கார்களும் கைபேசிகளும் செய்யும் ஊர். புவியியல்காரர்களுக்கு அது வேறு ஊர். ஸ்ரீபெரும்புதூர்ப் படிவு என்று ஒரு பாறை அடுக்குக்கே இந்த ஊரின் பெயர் இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய களிமண் பாறை. அதன் ஏடுகளைப் பிரித்தால் இலைகள் பதிந்திருக்கும். இலைகளின் மேல் மண் படிந்து, அழுந்தி, இலை போய் அதன் தடம் மட்டும் நின்றுவிட்ட கற்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பகுதியின் பாறைகளை ஆராய்ந்து 1870களில் எழுதினார். பல்லாவரத்தில் கற்கோடாரி கண்டெடுத்தாரே, அவரேதான். அதே துறையில் இருந்த ஓட்டோகர் ஃபைஸ்ட்மாண்டெல் இந்தக் கடற்கரைப் பகுதியின் தாவரப் புதைபடிவங்களை விவரித்து 1879ல் வெளியிட்டார். அதில் அடிக்கடி வரும் பெயர் டைலோஃபில்லம். நடுநரம்பின் இரு பக்கமும் சீப்புப் பல்போலச் சிற்றிலைகள். பார்த்தால் சைக்கஸ் இலை மாதிரியே இருக்கும். ஆனால் அது சைக்கஸ் அல்ல, அந்த வம்சமே பூமியில் இப்போது இல்லை.

எங்கள் கம்பெனி வாசல் புல்வெளியில் வரிசையாக ஆறு சைக்கஸ் வைத்திருக்கிறார்கள், கொரியன் புல்லுக்கு நடுவில். நர்சரியிலிருந்து லாரியில் வந்தவை. அவற்றைக் கடக்கும்போதெல்லாம், கீழே எங்கோ இதே ஜாடையில் ஓர் இலை கல்லுக்குள் கிடக்கிறது என்ற நினைப்பு வந்து போகும். மேற்பார்வையாளரிடம் ஒருமுறை சொன்னேன். "அப்படியா, ரேட் எவ்வளவு போகும்?" என்றார்.

கல் தானாகச் செய்ததை மனிதர்கள் வேண்டுமென்றே செய்ய முயன்ற கதை சென்னையில் நன்றாகவே நடந்திருக்கிறது. 1835ல் மதராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. அதன் தொடக்கத்தில் பங்கெடுத்த ராபர்ட் வைட் என்ற மருத்துவர், தென்னிந்தியச் செடிகளை வரைந்து பதிவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். அவருடைய 'ஐகோன்ஸ்' தொகுதிகளில் 2,000க்கும் மேற்பட்ட படத்தகடுகள் உண்டு. வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வைட் கோவிந்துவின் நினைவாக ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு கோவிந்தூயியா என்று பெயரே வைத்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரரிடம் எதிர்பார்க்க முடியாத மரியாதை. ஆனால் வகைப்பாட்டியல் இரக்கமில்லாதது. அந்தச் செடி பின்னர் வேறொரு பேரினத்துக்குள் போய்விட்டது, கோவிந்துவின் பெயர் பழைய பெயர்ப் பட்டியலில் தங்கிவிட்டது.

வரைவதற்கு நாளாகும், கையும் பிசகும். அதனால் செடியையே அச்சாகப் பயன்படுத்தினால் என்ன என்று ஒரு யோசனை ஐரோப்பாவில் வெகுநாளாக இருந்தது. இங்கே ஹென்றி ஸ்மித் என்பவர் 1857ல் மதராஸில் அப்படி ஒரு தொகுப்பை அச்சிட்டார். செடியைப் பதப்படுத்தாமல், பறித்த நிலையிலேயே அதன்மேல் மை தடவித் தாளில் அழுத்துவது. நரம்புகூட ஒன்றுவிடாமல் விழும். ஐந்து வருஷம் கழித்து மங்களூர் பாசல் மிஷன் அச்சகத்தில் ஹுன்சிகர் என்பவர் இதையே வண்ணத்தில் செய்தார். நாங்கள் சின்ன வயசில் பூவரச இலையில் இங்க் தடவி நோட்டில் குத்தியதற்கும் இதற்கும் வித்தியாசம் பொறுமை மட்டும்தான்.

ஒளியை வைத்துச் செய்தவர்களும் முதலில் இலையைத்தான் எடுத்தார்கள். ஃபாக்ஸ் டால்பட் 1830களில் இங்கிலாந்தில் உப்பும் வெள்ளியும் தடவிய தாளில் இலைகளை வைத்து வெயிலில் காட்டினார். கேமராவே தேவைப்படவில்லை. 1843ல் ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி நீலத்தாளில் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகம் அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் பயன்படுத்தியது ஜான் ஹெர்ஷல் 1842ல் கண்டுபிடித்த சயனோடைப் முறை. இரும்பு உப்பு தடவிய தாள், வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் கழுவியதும் வெள்ளையாகும்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக்கல் டிப்ளமோவில் முதல் வாரம் எங்கள் சார் ப்ளூபிரிண்ட் என்ற சொல்லை விளக்கினார். அந்தக் காலத்தில் இயந்திர வரைபடங்களை நகலெடுக்க நீலத்தாள் பயன்படுத்தினார்கள், அதனால் அந்தப் பெயர் என்றார். அந்த நீலமும் அட்கின்ஸின் நீலமும் ஒரே ரசாயனம். கடற்பாசியைப் பதிக்கப் பயன்பட்ட தாள், முப்பது நாற்பது வருஷத்தில் தொழிற்சாலைகளின் தாளாக மாறிவிட்டது. சார் கடற்பாசியைப் பற்றிச் சொல்லவில்லை. சிலபஸில் இல்லை.

இனி கேமராவுக்கு வருவோம். மதராஸ் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி 1856ல் தொடங்கியது. பின்னால் இருந்தவர் அலெக்சாண்டர் ஹண்டர். இன்று எழும்பூருக்குப் பக்கத்தில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் பள்ளியை 1850ல் ஆரம்பித்தவர். 1856லேயே மாகாணத்தின் புகைப்படக்காரராக ஒரு ராணுவ கேப்டனை நியமித்தார்கள். பெயர் லின்னேயஸ் டிரைப். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்தவரின் பெயரைச் சுமந்த மனிதர், ஆனால் அவர் எடுக்கவேண்டியிருந்தது கோயில்களையும் கோட்டைகளையும். 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றினார். மெழுகு தடவிய பெரிய காகித நெகட்டிவ்கள். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளச் சுருளாக்கினார். ஹண்டரின் பள்ளியில் பயின்ற அய்யாசாமி என்ற தமிழர் அவரோடு வேலை செய்தார். 1859ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று முடிவுகட்டிவிட்டார்.

டிரைப்பின் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போது எனக்குக் கோபுரங்களைவிட மரங்கள்தான் பிரச்சினையாக இருந்தன. கல் ஒவ்வொன்றும் துல்லியம். மரம் மட்டும் கறுத்த திட்டு. காரணம் எளிது. அந்தக் காலத்து வெள்ளி உப்பு நீல ஒளியையும் ஊதாவையும்தான் உணரும், பச்சையை உணராது. அதனால் ஆகாயம் வெளுத்துப்போகும், இலை கறுத்துப்போகும். போதாததற்கு நிமிஷக்கணக்கில் லென்ஸைத் திறந்துவைக்க வேண்டும், காற்றில் இலை நிற்குமா? டிரைப் தன் நெகட்டிவ்களில் வண்ணம் தொட்டு, வெறும் ஆகாயத்தில் மேகங்களைத் தீட்டினார், மரங்களின் இலைத்திரளையும் கையால் திருத்தினார். யோசித்துப் பாருங்கள். நம் ஊரின் முதல் மகத்தான புகைப்படங்களிலேயே பச்சை தூரிகையால்தான் வந்திருக்கிறது. 1873ல் ஹெர்மான் ஃபோகல் சாயம் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

ஆக, ஸ்டுடியோக்காரர்கள் தோட்டத்தைத் திரையில் தீட்டியதில் வியப்பில்லை. கேமராவுக்கு நிஜத் தோட்டம் ஒத்துவரவில்லை, தீட்டிய தோட்டம் ஆடாமல் நின்றது, தேவையான சாம்பல் நிறத்தில் இருந்தது. முதலில் வந்தது ஐரோப்பியச் சீமான் வீட்டுத் தோட்டத்தின் மாதிரி. அதனால்தான் பளிங்குக் கைப்பிடிச்சுவர். அப்புறம் நம் ஆட்கள் அதில் தென்னையை நட்டார்கள், மலையை வைத்தார்கள், தாமரைக் குளம் வெட்டினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவில், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி மின்னுருவாக்கினார்கள். அந்தத் தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. திரையும், அதன் முன்னால் தொட்டியில் ஒரு நிஜக் குரோட்டன்ஸும், இரண்டுக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனிதர்களும்.

கிறிஸ்டோஃபர் பின்னி என்ற மானுடவியலாளர் 1997ல் 'கேமரா இண்டிகா' என்ற புத்தகத்தில் இந்தத் திரைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் களமாக எடுத்துக்கொண்டது மத்தியப் பிரதேசத்தின் நாக்தா, ஒரு தொழிற்சாலை ஊர். ஆலைக்கு வந்தவர்கள், அக்கம்பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், ஸ்டுடியோவுக்குப் போய் வேறோர் இடத்தில் நின்று திரும்பி வருகிறார்கள். படத்தில் இருப்பது நான் இருக்கும் இடமாக இருக்கத் தேவையில்லை, நான் இருக்க ஆசைப்பட்ட இடமாக இருக்கலாம். அதைப் படித்தபிறகு என் அம்மாவின் படத்தின்மேல் இருந்த கோபம் குறைந்தது. கொல்லையைத் தினமும் பார்ப்பவளுக்கு அதைப் படம் எடுக்க என்ன அவசியம்? ஏரியும் அன்னமும்தான் வீட்டில் இல்லாதவை.

தோட்டத்தையும் பறவையையும் உள்ளபடி பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒருவர் சென்னையிலேயே இருந்தார். மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மேன்' இதழில் 'கன்ட்ரி நோட்புக்' பத்தி எழுதினார். கேமராக்களைத் தன் தேவைக்கேற்பத் தானே பூட்டிக்கொள்வார், கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார். யானையை எடுத்தாலும் அதைச் சுற்றியிருக்கும் காட்டோடு எடுப்பார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார், கிடைத்தால் விடாதீர்கள். காக்கையையும் அணிலையும் இவ்வளவு மரியாதையாக எழுத முடியுமா என்று இருக்கும்.

ஆனால் எனக்கு அதிகம் நெருக்கமானவர் ஜெர்மானியரான கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட். காரணம் தொழில் பாசம். அவர் இளமையில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் பயிற்சியாளர், நம் பாஷையில் அப்ரண்டிஸ். பிறகு பெர்லினில் தொழிற்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். வாசல்கேட்டின் இரும்பு வளைவை எப்படி வடிவமைப்பது என்று காட்டுவதற்காக, பெரணியின் சுருண்ட குருத்தையும் பூசணியின் பற்றுக்கம்பியையும் தன் கையால் செய்த கேமராவில் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தார். அவை 1928ல் புத்தகமாக வந்தபோதுதான் உலகம் அவரைக் கலைஞர் என்றது. அவர் எடுத்தது பாடத்துக்கான மாதிரிப் படம். ஒடிசாப் பையன்களின் சுரைக்கொடி குழாயைச் சுற்றியிருந்த பற்றுக்கம்பியை நான் கிட்டத்தில் எடுத்தபோது, அது எங்கள் லைனில் வரும் சுருள் ஸ்பிரிங் மாதிரியே இருந்தது. ஒரு வித்தியாசம், கொடியின் சுருள் நடுவில் திசை மாறிச் சுற்றும், அதனால் இழுத்தாலும் முறுக்கிக்கொள்ளாது. எங்கள் ஸ்பிரிங் அப்படி இல்லை.

இந்தப் பகுதியில் இப்போது அதிகம் எடுக்கப்படும் தோட்டப் படம் எது தெரியுமா? ஜூன் 5 படம். எட்டுப் பேர் ஒரே மண்வெட்டியைப் பிடித்திருப்பார்கள், பின்னால் பேனர், கன்று எங்கே என்று தேட வேண்டும். நானும் மூன்று வருஷம் அந்தப் படத்தில் இருக்கிறேன். குறை சொல்லவில்லை, திரைக்குப் பதில் பேனர், அவ்வளவுதான்.

ஆயாவின் கொல்லைக்குப் படம் இல்லை என்றேன். ஒரு காகிதம் மட்டும் இருக்கிறது. நான் எட்டாவது படித்தபோது தொழிற்பேட்டைக்காக எங்கள் தெருவோடு நிலத்தை எடுத்தார்கள். அளவெடுக்க வந்தவர்கள் மரங்களில் வெள்ளை பெயிண்டால் எண் போட்டார்கள். தென்னை ஆறு, மா இரண்டு, வேம்பு ஒன்று, எலுமிச்சை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. கிணற்றடியில் பந்தல் போட்டு ஆயா வளர்த்த முல்லைக்கு எண் போடவில்லை. ஆயா அந்த ஆளின் பின்னாலேயே போய்க் கேட்டாள், "இதுக்கு நம்பர் போடலியாப்பா?"

"கொடிக்கு நம்பர் கெடையாது ஆயா."

"இருவது வருசமா இருக்குதுப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷன்தான், தண்ணீர் வாங்கிக் குடித்தார், தம்ளரைக் கழுவி வைத்தார். அவரிடம் இருந்த தாளில் கொடிக்குக் கட்டம் இல்லை. பணம் வந்தது, வழக்கும் நடந்தது, வாடகை வீட்டுக்கு வந்தோம். அதற்கு முன்பே ஆயா ஒரு கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டு, வேர் விட்டதும் வெட்டிப் பெயிண்ட் வாளிக்கு மாற்றியிருந்தாள்.

போன பொங்கல் லீவில் அம்மாவின் ஸ்டுடியோப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். நான் அதுவரை திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன். இந்த மாதிரிப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு, பெண்ணுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைப்பார்கள், முன்னால் முகமும் கண்ணாடியில் பூ தைத்த சடையும் ஒரே படத்தில் விழும்படி. அம்மாவின் முகத்தைவிடக் கண்ணாடியில் இருந்த சடைதான் தெளிவாக விழுந்திருந்தது. ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. லேப்டாப்பை அம்மாவிடம் திருப்பினேன்.

அவள் விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழே வந்தாள். "இது தாழம்பூ, காஞ்சிவரத்துல வாங்குனது. இந்த வரிசை கனகாம்பரம், எதிர்வூட்டு அத்த குடுத்தாங்க. பார்டர்ல வெள்ளையா இருக்குதே, அது நம்ம முல்லை. அன்னிக்கி விடியக்காலம் மூணு மணிக்கு ஆயா டார்ச் அடிச்சிப் பறிச்சா. பூ பத்தல, மொக்கையும் சேத்துப் பறிச்சா. பாரு, இங்க மொக்கு."

மொக்குதான். நுனி கூராக, மூடியபடி. எண்ணினேன், நாற்பத்தொன்று வரை தெரிகிறது, அதற்குமேல் இடுப்பு மறைத்துவிட்டது.

மறுநாள் சயனோடைப்புக்கான இரண்டு உப்புகளையும் கலந்து, இருட்டில் தாளில் தடவிக் காயவைத்திருந்தேன். ஆன்லைனில் வாங்கியது. காலை பத்து மணிக்கு மொட்டைமாடியில் பெயிண்ட் வாளியிலிருந்து ஒரு முல்லைக் கொத்தைக் கிள்ளித் தாள்மேல் வைத்து, கண்ணாடி போட்டு மூடி, வெயிலில் வைத்தேன். தாள் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாறிக்கொண்டிருந்தது. அம்மா துணி காயவைக்க வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"எத்தினி நேரம்?"

"பத்து நிமிஷம்மா."

"அதுவரைக்கும் இந்த வெய்யில்லயே கெடக்கணுமா?"

"ஆமா."

அவள் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் குத்தினாள். பிறகு வாளியில் மிச்சமிருந்த மொக்குகளைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு, "அத கழுவிட்டு அந்தப் பூவயும் கொண்டா, வாடிடப் போவுது, கட்டணும்" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனாள்.